ஆண்டு வளர்ச்சி என்னும் எண்ணை எப்படிப் படிப்பது? கார்மின் நிறுவனத்தின் கணக்கிலிருந்து ஓர் எளிய விளக்கம்

இடங்காட்டும் கருவிகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் கார்மின் நிறுவனம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் தனது முந்தைய ஆண்டின் கணக்கை வெளியிட்டது. 2024இல் அதன் மொத்த வருவாய் 630 கோடி அமெரிக்க டாலர், ஆண்டு வளர்ச்சி 20 சதவீதம் என்பதுதான் அந்த அறிக்கையின் தலைப்புச் செய்தி. வணிகப் பக்கங்களை வழக்கமாகப் படிக்காத ஒருவர் இதைக் கண்டதும் நிறுவனம் நன்றாக இருக்கிறது என்று எண்ணிக் கடந்துவிடுவார். அந்த முடிவு இந்த முறை சரியாகவே இருந்தாலும், அதற்கு அவர் வந்த வழி சரியானதன்று. ஏனெனில் இதே நிறுவனம் 2008ஆம் ஆண்டுக்கு 10 சதவீத வளர்ச்சியை அறிவித்தபோது அதன் முதன்மைத் தொழில் ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு பத்தாண்டுகள் மொத்த வருவாய் அசையாமல் நின்றதாகத் தோன்றிய காலத்திலோ நிறுவனம் உள்ளுக்குள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது.

முதலில் அடிப்படைக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டு வளர்ச்சி என்பது இந்த ஆண்டு வருவாய்க்கும் சென்ற ஆண்டு வருவாய்க்கும் உள்ள வேறுபாட்டைச் சென்ற ஆண்டு வருவாயால் வகுத்து, நூறால் பெருக்கிக் கிடைப்பது. 2023இல் கார்மினின் வருவாய் 523 கோடி டாலர். அடுத்த ஆண்டு அது 630 கோடி. கூடுதலாக வந்த 107 கோடியை 523 கோடியால் வகுத்தால் 20 சதவீதம் சற்றேறக்குறைய வந்துவிடும். இங்கே வருவாய் என்பது விற்பனையால் வந்த தொகையைக் குறிக்கிறது. செலவுகளைக் கழித்த பின் மிஞ்சும் லாபம் வேறு கணக்கு. விலையைக் குறைத்து, லாபத்தை இழந்து, வருவாயை மட்டும் பெருக்கிக் காட்டுவது எந்த நிறுவனத்துக்கும் இயலும்.

ஆண்டு என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைக்கின்றன. கார்மினின் நிதியாண்டு டிசம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையன்று முடிகிறது. அதனால் பெரும்பாலான ஆண்டுகளில் 52 வாரங்களும் சில ஆண்டுகளில் 53 வாரங்களும் அமைகின்றன. 2022 அப்படிப்பட்ட 53 வார ஆண்டு. ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தும் அவ்வாண்டு வருவாய் 498 கோடியிலிருந்து 486 கோடியாக, அதாவது 2 சதவீதம் குறைந்தது. இதற்கு நாணய மாற்று விகிதமும் ஒரு காரணம். ஐரோப்பாவில் யூரோவில் விற்ற கைக்கடிகாரத்தின் விலையை டாலரில் மாற்றி எழுதும்போது, டாலர் வலுவடைந்திருந்தால் அதே விற்பனை சிறுத்துத் தெரியும்.

இனி நிறுவனத்தைப் பற்றிச் சில வரிகள். கேரி பர்ரெல், மின் காவ் என்ற இரு பொறியாளர்கள் 1989இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இதைத் தொடங்கினர். முதலில் வைத்த பெயர் புரோநாவ். பின்னர் இருவரின் முதற்பெயர்களையும் இணைத்து கார்மின் ஆக்கினர். காவ் தைவானில் பிறந்தவர். அவரும் பர்ரெலும் அதற்கு முன்பே விமான மின்னணுக் கருவித் துறையில் பணியாற்றியவர்கள். எனவே கடலோடிகளுக்கும் விமானிகளுக்கும் இடங்காட்டும் கருவி செய்வதிலிருந்து நிறுவனம் தொடங்கியது இயல்பானதே. செயல்படும் தலைமையகம் கன்சாஸின் ஒலாத்தே நகரில் இருக்கிறது; கருவிகளில் பெரும்பகுதியைத் தைவானில் உள்ள சொந்தத் தொழிற்சாலைகளில் தயாரிக்கிறது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 35 கோடி டாலர்.

அதே 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த மற்றொரு நிகழ்வு இந்தத் தொழிலின் போக்கையே மாற்றியது. ஜிபிஎஸ் என்பது அமெரிக்க அரசு இயக்கும் செயற்கைக்கோள் தொகுதி. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் பாதுகாப்புக் காரணங்களுக்காக வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. அந்தப் பிழையால் ஒருவர் நிற்கும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டப்படலாம். கடலில் இது பெரிய குறையில்லை. நகரத்துத் தெருவிலோ நூறு மீட்டர் என்பது வேறொரு சாலை. அதிபர் கிளின்டனின் ஆணைப்படி அந்தப் பிழை நீக்கப்பட்ட பின்னர், காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்து 'அடுத்த திருப்பத்தில் இடப்புறம் திரும்புங்கள்' என்று சொல்லும் கருவி நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. கார்மின் 2005இல் நூவி என்ற பெயரில் கைக்கடக்கமான கார்க் கருவி வரிசையை வெளியிட்டது. அவ்வாண்டு 103 கோடி டாலராக இருந்த வருவாய், 2006இல் 177 கோடியாகவும் 2007இல் 318 கோடியாகவும் உயர்ந்தது. ஆண்டு வளர்ச்சி முறையே 73, 79 சதவீதம்.

2008இல் வருவாய் 349 கோடி டாலர். வளர்ச்சி 10 சதவீதம். முந்தைய இரண்டு ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது குறைவுதான் என்றாலும், உலகப் பொருளாதாரம் நெருக்கடியில் சிக்கிய ஓர் ஆண்டில் 10 சதவீதம் வளர்ந்ததே பெரிது என்று அப்போது சொல்ல முடிந்தது. ஆனால் அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2007இல் நிறுவனம் ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் கருவிகளை விற்றது. 2008இல் ஏறத்தாழ 1 கோடியே 69 லட்சம். அதாவது கருவிகளின் எண்ணிக்கை 37 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்க, வருவாய் 10 சதவீதம் மட்டுமே கூடியிருக்கிறது. வருவாயைக் கருவிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு கருவிக்குச் சராசரியாகக் கிடைத்த தொகை சுமார் 259 டாலரிலிருந்து 207 டாலருக்கு இறங்கியது தெரியவரும். ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு வீழ்ச்சி. வருவாய் என்பது எண்ணிக்கையையும் விலையையும் பெருக்கி வருவது. எண்ணிக்கை ஏற, விலை இறங்குமானால், அந்தப் பொருள் சந்தையில் சாதாரணப் பண்டமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். போட்டியாளர்கள் விலையைக் குறைத்தார்கள், இவர்களும் குறைத்தார்கள். விலைக் குறைப்பால் வாங்கப்படும் வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. கார் வைத்திருப்பவர் எல்லாரும் ஒரு கருவியை வாங்கி முடித்த பிறகு அது நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்த 349 கோடியின் உள்ளமைப்பில் இருந்தது. கார் மற்றும் கைபேசிப் பிரிவிலிருந்து மட்டும் 254 கோடி வந்தது. மற்ற மூன்று பிரிவுகளான விமானம், கடல், வெளிப்புறச் செயல்பாடுகளும் உடற்பயிற்சியும் ஆகிய அனைத்தும் சேர்ந்து 95 கோடிதான். நூற்றுக்கு எழுபத்துமூன்று பங்கு ஒரே தூணின்மேல் நின்றது. 2009ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் திருப்பத்துக்குத் திருப்பம் வழிசொல்லும் வசதியை இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது. அன்று கார்மின் பங்கும், அதன் ஐரோப்பியப் போட்டியாளரான டாம்டாம் பங்கும் கடுமையாகச் சரிந்தன. கார்மினும் நூவிஃபோன் என்ற பெயரில் சொந்தமாகக் கைபேசி ஒன்றை அதே காலத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது, அது எடுபடவில்லை. வருவாய் 2009இல் 295 கோடியாகவும் 2010இல் 269 கோடியாகவும் இறங்கியது.

இதன் பிறகு வரும் பத்தாண்டுகள்தான், என் கருத்தில், இந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் படிக்கவேண்டிய முதன்மையான பகுதி. மொத்த வருவாயை மட்டும் வரிசையாக எழுதினால் 2011இல் 276 கோடி, 2013இல் 263 கோடி, 2015இல் 282 கோடி, 2018இல் 335 கோடி என்று வரும். 2008இன் அளவை 2018இல்கூட எட்டவில்லை. பத்தாண்டு வளர்ச்சி என்ன என்று கேட்டால், கழித்தல் குறியோடுதான் விடை சொல்லவேண்டும். ஆனால் 2018இன் 335 கோடியைப் பிரித்துப் பாருங்கள். கார்ப் பிரிவு 63 கோடிக்குச் சுருங்கிவிட்டது. உடற்பயிற்சிப் பிரிவு 86 கோடி, வெளிப்புறப் பிரிவு 81 கோடி, விமானப் பிரிவு 60 கோடி, கடற்பிரிவு 44 கோடி. கார் அல்லாத பிரிவுகளின் மொத்தம் 95 கோடியிலிருந்து 271 கோடியாக, கிட்டத்தட்ட மும்மடங்காக உயர்ந்திருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீதம் என்ற அந்த வளர்ச்சி, பழைய தொழில் இழந்த 190 கோடியை ஈடுகட்டுவதிலேயே செலவாகிவிட்டது. ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதால், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தேக்கம் மட்டுமே தெரிந்தது.

அந்த ஏறுமுகம் எங்கிருந்து வந்தது என்று விளங்கிக்கொள்ள, புதிய தயாரிப்பு வரிசை என்பதன் பொருளை அறியவேண்டும். ஏற்கெனவே விற்கும் ஒரு கருவியின் அடுத்த பதிப்பு வெளியாவது புது மாதிரி; அதை வாங்குபவர் பெரும்பாலும் பழைய மாதிரியை வைத்திருந்தவரே. புதிய வரிசை என்பது அதுவரை அந்த நிறுவனத்திடம் எதையும் வாங்காத ஒருவருக்கு, அதுவரை அது தீர்க்காத ஒரு தேவைக்காக உருவாக்கப்படுவது. ஆண்டறிக்கைகளும் செய்திகளும் இரண்டையும் புதிய தயாரிப்புகள் என்ற ஒரே பெயரில் அடுக்கும்போது, எது எந்த வகை என்று படிப்பவர்தான் பிரித்தறியவேண்டும்.

கார்மின் 2003இல் ஃபோர்ரன்னர் என்ற வரிசையைத் தொடங்கியது. ஓட்டப் பயிற்சி செய்பவரின் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அந்தக் கருவி, ஓடிய தூரத்தையும் வேகத்தையும் செயற்கைக்கோள் உதவியால் கணக்கிட்டுக் காட்டியது. அப்போது அதன் உருவம் கடிகாரம் என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரிது. வருவாயிலும் அதன் பங்கு சிறிது. நூவி கொழித்த ஆண்டுகளில் இதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். 2006இல் கனடாவின் டைனாஸ்ட்ரீம் நிறுவனத்தை வாங்கியதன் மூலம், இதயத்துடிப்புப் பட்டையும் சைக்கிள் உணரிகளும் கடிகாரத்தோடு மிகக் குறைந்த மின்சக்தியில் பேசிக்கொள்ளும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் கைக்கு வந்தது. மலையேறுபவர்களுக்கான ஃபீனிக்ஸ் கடிகார வரிசை 2012இல் வந்தது. முழுக்குநீச்சலுக்கான டிசென்ட் வரிசை 2017இலும், விலை சற்றுக் குறைந்த உறுதியான இன்ஸ்டிங்ட் வரிசை 2018இலும் தொடர்ந்தன. இவற்றின் தொழில்நுட்ப வேர் ஒன்றே: செயற்கைக்கோள் சமிக்ஞையைச் சிறிய மின்கலத்தில் நீண்ட நேரம் பெற்று, அதைப் பயனருக்குத் தேவையான எண்ணாக மாற்றுவது. கைபேசி காரின் முன்கண்ணாடியிலிருந்து கார்மினை விரட்டியது உண்மை. ஆனால் பல நாள் மலைப்பயணத்துக்கும், கடலடிக்கும், நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் கைபேசியின் மின்கலம் தாங்காது என்ற இடத்தில் அந்நிறுவனம் போய் நின்றுகொண்டது.

பிற பிரிவுகளிலும் இதே போக்கு தொடர்ந்தது. 2016இல் டிலோர்ம் நிறுவனத்தை வாங்கியபோது இன்ரீச் என்ற வரிசை கிடைத்தது. கைபேசிக் கோபுரமே இல்லாத காட்டிலும் மலையிலும் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பவும் பெறவும், ஆபத்தில் உதவி கேட்கவும் அது உதவுகிறது. கருவியை ஒருமுறை விற்பதோடு நிற்காமல் மாதந்தோறும் சந்தாவும் வரும் வரிசை இது. மீன்பிடிப்பவர்களுக்காக 2018இல் வந்த லைவ்ஸ்கோப், நீருக்கடியில் மீன் நகர்வதை ஒலியலை கொண்டு அப்போதைக்கப்போதே திரையில் காட்டுகிறது. விமானப் பிரிவில், விமானி செயலிழந்துவிட்டால் பயணி ஒரு பொத்தானை அழுத்தியதும் சிறு விமானம் தானாகவே ஓடுதளத்தைத் தேர்ந்து தரையிறங்கும் ஆட்டோலேண்ட் முறைக்கு 2020இல் அமெரிக்க அரசின் சான்றிதழ் கிடைத்தது. இத்தகைய வரிசைகள் உடனே வருவாயைக் கொண்டுவருவதில்லை. ஆராய்ச்சிச் செலவு முதலில் வரும், விற்பனை பல ஆண்டுகள் கழித்தே வரும். 2024இல் கார்மின் ஆராய்ச்சிக்கும் உருவாக்கத்துக்கும் செலவிட்ட தொகை ஏறத்தாழ 100 கோடி டாலர், வருவாயில் சுமார் 16 சதவீதம்.

இப்போது 2024இன் 20 சதவீதத்துக்குத் திரும்புவோம். அந்த ஆண்டு எந்தப் பிரிவு மிக வேகமாக வளர்ந்தது என்று கேட்டால், கார் உற்பத்தியாளர்களுக்குக் கணினிப் பாகங்களை வழங்கும் பிரிவு 44 சதவீத வளர்ச்சியுடன் முதலிடம் பெறும். உடற்பயிற்சிப் பிரிவு 32, கடற்பிரிவு 17, வெளிப்புறப் பிரிவு 16, விமானப் பிரிவு 4 சதவீதம். செய்தித் தலைப்புக்கு 44 பொருத்தமான எண்தான். ஆனால் சிறிய தொகையின் மீது வரும் பெரிய சதவீதம் எவ்வளவு பணம் என்பதையும் கேட்கவேண்டும். கூடுதலாக வந்த 107 கோடியில் உடற்பயிற்சிப் பிரிவின் பங்கு 43 கோடி. வெளிப்புறப் பிரிவின் பங்கு சுமார் 26 கோடி. கார்ப் பாகப் பிரிவு 19 கோடி. கடற்பிரிவு 16 கோடி. விமானப் பிரிவு 3 கோடி. சதவீதத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த உடற்பயிற்சிப் பிரிவே மொத்த வளர்ச்சியில் ஐந்தில் இரண்டு பங்கைத் தந்திருக்கிறது. வளர்ச்சி வேகம், வளர்ச்சிக்கு அளித்த பங்கு ஆகிய இரண்டும் வெவ்வேறு கேள்விகள். தொடக்கநிலைப் படிப்பாளர் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

பிரிவுகளின் பெயர்களிலும் ஒரு பொறி உண்டு. கடைகளில் விற்கும் கார் வழிகாட்டிக் கருவிகளை 2023 முதல் வெளிப்புறப் பிரிவின் கணக்கோடு சேர்த்துவிட்டார்கள். கார் உற்பத்தியாளர்களுக்குச் செல்வது மட்டும் தனிப் பிரிவாக நிற்கிறது. இதை அறியாமல் 2018இன் கார்ப் பிரிவு 63 கோடியையும் 2024இன் கார்ப் பாகப் பிரிவு 61 கோடியையும் ஒப்பிட்டு, ஆறாண்டுகளில் ஒன்றும் மாறவில்லை என்று எழுதினால், வெவ்வேறான இரண்டு தொழில்களை ஒன்றாகக் கருதிய தவறு நேரும். நிறுவனங்கள் பிரிவுகளை மாற்றியமைக்கும்போது பழைய ஆண்டுகளின் எண்களையும் புதிய வகைப்பாட்டின்படி திருத்தி வெளியிடுவது வழக்கம். ஒப்பிடுவதற்குத் திருத்திய எண்களையே எடுக்கவேண்டும்.

வளர்ச்சியில் சொந்தமாக உழைத்துப் பெற்றதும் உண்டு, விலைகொடுத்து வாங்கியதும் உண்டு. 2023 செப்டம்பரில் ஒலிபெருக்கிகள் செய்யும் ஜேஎல் ஆடியோ நிறுவனத்தைக் கார்மின் வாங்கியது. எனவே 2023இன் கணக்கில் அதன் விற்பனை சில மாதங்களுக்கு மட்டுமே இடம்பெற்றது; 2024இன் கணக்கில் ஆண்டு முழுவதும் இடம்பெற்றது. கடற்பிரிவு காட்டிய 17 சதவீதத்தில் ஒரு பகுதி இப்படி வந்தது. இதில் மறைவு எதுவும் இல்லை, அறிக்கையிலேயே சொல்லப்பட்டிருக்கும். தலைப்பை மட்டும் படிப்பவருக்குத்தான் அது தெரியாமல் போகும்.

லாபத்தின் பக்கம் ஒரு பார்வை. விற்ற விலையில் தயாரிப்புச் செலவைக் கழித்தால் மிஞ்சுவதை வருவாயின் சதவீதமாகச் சொல்வது மொத்த லாப விகிதம். நூவி உச்சத்தில் இருந்த 2008இல் அது 45 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. 2024இல் ஏறத்தாழ 59 சதவீதம். விலைப்போட்டியில் தேய்ந்த ஒரு பண்டத்தை விட்டு, தனித்தேவைக்காகக் கூடுதல் விலை கொடுக்க முன்வரும் வாடிக்கையாளர்களிடம் நிறுவனம் நகர்ந்ததன் விளைவு அது. மறுபுறம், 44 சதவீதம் வளர்ந்த கார்ப் பாகப் பிரிவு அதே 2024இல் இயக்க இழப்பையே, அதாவது வருவாயைவிட நடத்தும் செலவு மிகுந்த நிலையையே, காட்டியது. பிஎம்டபிள்யூ போன்ற உற்பத்தியாளர்களுக்குக் கணினித் தொகுதிகளை வழங்கும் இந்த வேலையில் லாப இடைவெளி குறைவு, முன்செலவு அதிகம். வருவாய் வளர்ச்சியில் முதலிடம் பெற்ற பிரிவு லாபத்தில் கடைசி இடத்தில் இருப்பது விந்தையாகத் தோன்றலாம். தொழிலுலகில் அது அடிக்கடி நடப்பதே.

நீண்டகால வளர்ச்சியைச் சொல்லும்போது எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும். 2008இன் 349 கோடியிலிருந்து 2024இன் 630 கோடி வரை கணக்கிட்டால், கூட்டு வளர்ச்சி விகிதம், அதாவது ஒவ்வோர் ஆண்டும் ஒரே விகிதத்தில் வளர்ந்ததாகக் கொண்டால் வரும் எண், ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. 2013இன் 263 கோடியிலிருந்து அதே 630 கோடி வரை கணக்கிட்டால் 8 சதவீதத்துக்கு மேல். இரண்டு கணக்கும் பிழையற்றவை. முதலாவது உச்சத்திலிருந்தும் இரண்டாவது பள்ளத்திலிருந்தும் தொடங்குகின்றன. எனவே வளர்ச்சி விகிதம் ஒன்றை யாரேனும் முன்வைத்தால், தொடக்க ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள ஓரிரு ஆண்டுகளின் எண்களையும் சேர்த்துக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பானது. கார்மினைப் பொறுத்தவரை அவ்வாறு கேட்டால் 2006 முதல் 2010 வரையிலான ஐந்து எண்கள் கையில் கிடைக்கும். நூவியின் ஏற்றமும் இறக்கமும் முழுவதும் அவற்றுக்குள் அடங்கியிருக்கின்றன.